கெட்டியாக்கினால் மட்டும் போதாது
விழுங்கச் சிரமப்படும் எல்லோருக்கும் தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கலாம் என்று விழுங்கல் சிரமம் பற்றிய ஒரு கட்டுரை பொதுவாகச் சொல்லிவிடுகிறது. கண்ணிமையும் தொண்டையும் தளரும் பரம்பரைத் தசைநோயான ஓபிஎம்டி உள்ள பலருக்கு அது சரிவராது. உணவைத் தள்ளும் தசையே பலவீனம். கெட்டியானது தொண்டைக்குழியில் தேங்கி, பிறகு மூச்சுக்குழாய்க்குள் வழியும். சிறு கவளம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு முறை விழுங்கல், இதுதான் அடிப்படை.

80 மில்லி ஐஸ் தண்ணீரைக் குடிக்க 7 நொடிக்கு மேல் ஆனால் விழுங்குவதில் குறைபாடு உண்டு என்று கணக்கு (அடிக்கடி புரையேறுபவர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்!). உணவுக்குழாய் வாயிலுள்ள வளையத் தசையை வெட்டினால் வழி திறக்கும்; தள்ளும் பலம் திரும்பாது, சில ஆண்டுகளில் சிக்கல் மீளலாம். அதே இடத்தைப் பலூனால் விரிப்பதைத் தேவைப்படும்போது மறுபடி செய்யலாம். அந்தத் தசையைத் தளர்த்தப் போடும் போட்டாக்ஸ் ஊசி மருந்து குரல்வளைப் பக்கம் பரவினால் குரல் கம்மும், புரையேறுவதும் கூடும்.