மொட்டையடித்தால் தழைக்கும் என்று யார் சொன்னது?

ஐப்பசி மழை நெருங்கினால் எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இந்தக் காட்சிதான். கம்பியில் உரசுகிறது, வீட்டு மேல் சாய்ந்துவிடும், சருகு கொட்டுகிறது என்று ஏதாவது ஒரு காரணம். செயின் ரம்பத்தோடு இரண்டு பேர் வருவார்கள். மத்தியானத்துக்குள் நாற்பது வருடப் புங்கை மூன்று கட்டைக் கைகளோடு நிற்கும். கேட்டால், "மொட்டையடிச்சாத்தான் சார் நல்லாத் தழைக்கும், நம்ம பெரியவங்க எல்லாம் இப்படித்தான் செஞ்சாங்க" என்று பதில் வரும்.

பெரியவர்கள் அப்படிச் செய்தது உண்மை. எந்த மரத்தில் செய்தார்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம். முருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் வெட்டிவிடுவோம். செடிமுருங்கையைத் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் கவாத்து செய்யச் சொல்லி வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. வேலிக் கிளுவை, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் கல்யாண முருங்கை, பட்டுப்புழுவுக்கான மல்பெரி எல்லாம் இந்த வகைதான். சின்ன வயதிலேயே வெட்டத் தொடங்கி, விரல் பருமன் கொப்புகளைத் திரும்பத் திரும்ப ஏறக்குறைய ஒரே இடத்தில் வெட்டுவது. மரம் அந்த இடத்தில் முண்டு தட்டிப் பழகிக்கொள்ளும். ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகளாகத் தீவனத்துக்கும் விறகுக்கும் இதே முறையில் மரம் வளர்த்தார்கள்.

தொடைப் பருமனுக்கு மேல் போன கிளையை, அதுவும் வாழ்நாளில் அரிவாளே படாத வேம்பையோ தூங்குமூஞ்சியையோ நடுவில் அறுப்பது முற்றிலும் வேறு வேலை. அத்தனை அகல வெட்டை மூட மரத்துக்கு வருடக்கணக்காகும், பெரும்பாலும் மூடவே மூடாது. அதற்குள் காளான் உள்ளே இறங்கிவிடும். இலை மொத்தமும் போனதால், மிச்சமிருக்கும் மாவுச்சத்தைச் செலவழித்து அவசரமாகத் துளிர் விடும். அதைப் பார்த்துத்தான் "தழைச்சிருச்சு" என்கிறோம். அந்தத் துளிர்கள் பட்டைக்கு அடியிலேயே கிளம்புகிறவை. சாதாரணக் கிளைபோல மரத்தின் உள்ளே வேர்விட்டு நிற்பவை அல்ல. சில வருடங்களில் அவை கனத்து, கீழே மரம் உளுத்து, அடுத்த பெருங்காற்றில் பிய்ந்து விழும். புயலுக்குப் பயந்து மொட்டையடித்து, அதற்கடுத்த புயலுக்கு நாமே ஆபத்தைத் தயார் செய்துவைக்கிறோம்.

அடுத்தது பூச்சு. வெட்டிய இடத்தில் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்புவது நம் வழக்கம். மரம் வளர்ப்பு பற்றிய பழைய நூலான விருட்சாயுர்வேதத்தில் நெய், தேன், பால் சேர்த்த பூச்சுகள்கூட உண்டு. இது நமக்கு மட்டுமே உரிய ஞானம் என்று மார்தட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல்: 1791-இல் இங்கிலாந்து அரசரின் தோட்டக்காரர் வில்லியம் ஃபோர்சைத் ஒரு மருந்தை வெளியிட்டார். பசுஞ்சாணி, பழைய கட்டடத்துச் சுண்ணாம்பு, விறகுச் சாம்பல், கொஞ்சம் மணல். இதற்கு பார்லிமெண்ட் அவருக்கு 1,500 பவுண்டு கொடுத்தது! அப்போதே தாமஸ் நைட் போன்ற தோட்டக்கலை ஆய்வாளர்கள் இதை நம்பவில்லை, பெரிய சண்டையே நடந்தது. பிறகு சாணியின் இடத்துக்குத் தாரும் பெயிண்டும் வந்தன. மரப்பொந்தில் சிமெண்ட் அடைப்பது அமெரிக்காவில் ஒரு காலத்தில் உயர்ந்த தொழில்நுட்பம். அங்கே அதைக் கைவிட்டு வெகுகாலமாகிவிட்டது. நம் கோயில்களில் தலவிருட்சத்துக்கு இன்னும் பக்தியோடு செய்துகொண்டிருக்கிறோம். மரம் காற்றில் அசையும், சிமெண்ட் அசையாது. இடையில் ஈரம் தங்கும். அவ்வளவுதான் விஷயம்.

இந்த விவகாரத்தைத் தீர்த்துவைத்தவர் அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர். ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் ரம்பத்தால் நெடுக்குவாக்கில் பிளந்து பார்த்தார். அவருக்கு முன்பு பெரும்பாலும் குறுக்கே வெட்டித்தான் பார்த்தார்கள். 1977-இல் அவர் முன்வைத்த விளக்கம் இது: கெட்டுப்போன திசுவை மரம் சரிசெய்வதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றித் தடுப்புகளை எழுப்பி, அதற்கு வெளியே புது மரத்தை வளர்த்துக்கொள்கிறது. கிளை தொடங்கும் இடத்தில் கழுத்துபோல ஒரு வீக்கம் இருக்கிறது அல்லவா, அதைத் தொடாமல் அதற்குச் சற்று வெளியே வெட்டினால் தடுப்பு பலமாக அமையும். அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் அந்தக் கழுத்தே போய்விடும். எந்தப் பூச்சும் உளுப்பைத் தடுக்கவில்லை.

சரி, இனி எதற்கும் எதையும் பூசக்கூடாது என்று கிளம்பிவிட வேண்டாம். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் நான் காணும் கோளாறு இது. ஓக் வாடல் நோய் உள்ள பகுதிகளில் அமெரிக்கர்களே வெட்டியவுடன் பெயிண்ட் அடிக்கிறார்கள், வண்டு நோயைக் கொண்டுவரும் என்பதால். நம் தென்னையில் சாறு வடியும் நோய் வந்தால், கெட்ட பகுதியைச் செதுக்கிவிட்டு போர்டோ பசை பூசுவது பூசணத்துக்கான மருந்து. தவிர, தென்னைக்கும் பனைக்கும் ஷைகோ சொன்ன கணக்கே பொருந்தாது. அவற்றின் தண்டில் விழுந்த காயம் ஒருநாளும் மூடாது. பச்சை மட்டையை வெட்ட வேண்டி வந்தால் தண்டிலிருந்து 120 செ.மீ. விட்டு வெட்டச் சொல்கிறார்கள், சிவப்புக் கூன்வண்டு வெட்டு வழியாகத் தண்டுக்குள் நுழையக் கூடாது என்று. வேம்பில் கழுத்தை ஒட்டி, தென்னையில் நாலடி தள்ளி. மரத்துக்கு மரம் நியாயம் வேறு.

மரம் ஏறுவதில் கதை தலைகீழ். தெற்கே பனையேறிகள் காலில் போடும் திளாப்பு ஒரு வளையம், அவ்வளவுதான். மரத்தில் ஒரு கீறல் விழாது. இப்போது நவீனம் என்று ஆன்லைனில் வாங்கி மாட்டும் கூர்முனைக் காலணி ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஓட்டை போடும். வெட்டிச் சாய்க்கப்போகும் மரத்துக்குத்தான் அது சரி. மேலைநாட்டு மரத்தொழிலாளர்களே உயிரோடு விடப்போகும் மரத்தில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். அதற்காகப் பழையதெல்லாம் உத்தமம் என்றும் சொல்ல மாட்டேன். தென்னையில் படிபோலக் கொத்திவைத்து ஏறுவதும் நம் பழக்கம்தான், அது கூன்வண்டுக்கு வைக்கிற விருந்து. கேரளத்தில் செம்பேரி ஜோசப் உருவாக்கிய ஏறும் மெஷின் இரண்டுக்கும் நல்ல மாற்று. அங்கே தென்னை வாரியம் 2011-இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டத்தில் மெஷினும் பயிற்சியும் கொடுத்து விபத்துக் காப்பீடும் போட்டார்கள். நிழல் மரம் ஏறுகிறவருக்கு அப்படி ஒரு ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

நான் பராமரிக்கும் கல்லூரி வளாகத்துக்கு வரும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். முதலில் மரத்தைச் சுற்றி வந்து அரிவாளின் முதுகால் அடிமரத்தைத் தட்டுவார். சத்தம் மாறும் இடத்தில் ஒரு நிமிடம் நிற்பார். ஒலி அலையை வைத்து உள்பொந்தைப் படம் பிடிக்கும் கருவி இன்று வந்துவிட்டது. ஆனாலும் மரச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதை அந்த நிபுணர்களும் விட்டுவிடவில்லை. பிறகு மேலே போய், வெட்டப்போகும் கொப்பில் வடத்தைக் கட்டி, அதற்கு மேலுள்ள கவட்டையில் போட்டுக் கீழே விடுவார். கீழே நிற்கும் பையன் அதைப் பக்கத்து மரத்தின் தூரில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொள்வான். "விடு... விடு... பிடி" என்று மேலிருந்து குரல் வரும். இருநூறு கிலோ கொப்பு ஓட்டுக்கூரைக்கு மேலே தொங்கி, ஓடு அசையாமல் இறங்கும். தூரில் சுற்றும் அந்தச் சுற்றுக்குப் பதிலாக வெளிநாட்டில் இரும்பு உருளை வைக்கிறார்கள். தத்துவம் ஒன்றுதான்.

ஆனால் வெட்டு மட்டும் ஒட்ட வெட்டுவார். "கட்டை நீட்டிட்டு தெரிஞ்சா வேலை சுத்தமில்லைன்னு சொல்லுதாங்க தம்பி" என்பார். ஒரே வேம்பில் இரண்டு பழைய வெட்டுகளைக் காட்டினேன். ஒட்ட வெட்டிய இடம் நீள்வட்டமாக வாய் பிளந்து, உள்ளே விரல் வைத்தால் உதிர்ந்தது. கழுத்தை விட்டு வெட்டிய இடத்தில் பட்டை நாலா பக்கமும் சமமாக வட்டமாகத் திரண்டு வந்து நடுவில் ஒரு ரூபாய் அளவுதான் பாக்கி இருந்தது. அவர் விரலால் இரண்டையும் தடவிப் பார்த்தார். "இதை யாரும் சொல்லலியே" என்றார். அன்றிலிருந்து முதலில் அடியில் ஒரு அறுப்பு, பிறகு மேலிருந்து ஒரு அறுப்பு, பாரம் போனபின் கழுத்தருகே கடைசி அறுப்பு. பட்டை உரிந்து இழுக்கும் பிரச்சினையே இல்லை. இடுப்புப் பட்டையும் ஹெல்மெட்டும் போடவைப்பதற்குத்தான் இதைவிட அதிகம் சண்டை போட வேண்டியிருந்தது. அதில் மட்டும் எனக்குப் பாரம்பரியம் பற்றிய எந்த வாதமும் வேண்டாம். விழுந்தால் எலும்பு ஒன்றுதான்.

இப்படிப்பட்டவரை விட்டுவிட்டு ஏன் மொட்டையடிக்கும் ஆளைக் கூப்பிடுகிறோம்? லோடு கணக்கு. பல இடங்களில் வெட்டிய மரம் ஒப்பந்தக்காரருக்கே. எவ்வளவு வெட்டுகிறாரோ அவ்வளவு லாபம். மணிக்கட்டுப் பருமனுள்ள காய்ந்த கொப்பு நாலை எடுப்பதில் அவருக்கு என்ன கிடைக்கும்? சூளைக்குப் போகிற தடிதான் காசு. இந்தக் கணக்கு மாறாத வரை, கையில் அரிவாள் இருந்தாலும் ஜெர்மன் ரம்பம் இருந்தாலும் புங்கையின் கதி அதேதான்.

நான் இப்போது வேலை உத்தரவிலேயே எழுதிவிடுகிறேன்: கூலி நாள் கணக்கு, மரம் வளாகத்துக்கே, எந்தக் கொப்பு என்று சுண்ணாம்பால் குறியிட்டது மட்டும் வெட்டலாம், பூச்சு கிடையாது, இடுப்புப் பட்டை இல்லாமல் ஏறினால் அன்றைய வேலை நிறுத்தம். லோடுக்கு வெட்டுகிறவர்கள் இதைப் படித்ததும் திரும்பிப் போய்விடுகிறார்கள். நல்லது.

அண்ணாச்சிக்கு வயதாகிறது, முழங்கால் வலி. மதுரை, விருதுநகர் பக்கம் வடம் கட்டிக் கொப்பு இறக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். நம்பரை கமெண்டில் போட வேண்டாம்.