போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யாததற்கு டிஎம்இசட் தீர்வு இல்லை

வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட போர்ட்டுக்கு (எண்ணிட்ட வாசலுக்கு) வரும் இணைப்பை ரவுட்டர் வீட்டுக்குள் இருக்கும் ஒரு கருவிக்கு அனுப்புவதுதான் போர்ட் ஃபார்வர்டிங். அது வேலை செய்யவில்லை என்று கேட்டவருக்கு, "போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யலையா, டிஎம்இசட்டை ஆன் பண்ணுங்க, சரியாயிடும்" என்று ஒருவர் பதில் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டிஎம்இசட் என்றால் வெளியிலிருந்து வரும் எல்லா போர்ட்டுக்குமான இணைப்பையும் ஒரே கருவிக்குத் தள்ளிவிடுவது. அது பழைய ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் மென்பொருள்) ஓடும் கேமரா ரெக்கார்டராக இருந்தால் பெரிய ஆபத்து.

முதலில் ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில், இணைய நிறுவனம் அதற்குக் கொடுத்திருக்கும் ஐபியை (இணையத்தில் அதன் முகவரி எண்ணை) பாருங்கள். அப்புறம் பிரவுசரில் "என் ஐபி" என்று தேடி வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்து, ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால், நீங்கள் கேரியர் கிரேட் நாட் (CGNAT) என்பதற்குப் பின்னால் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு அது. வெளியிலிருந்து வரும் இணைப்பு நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும், உங்கள் ரவுட்டரைத் தொடவே தொடாது. பிறகு அதில் எந்த விதியை மாற்றி என்ன பயன்? நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள், இல்லையென்றால் பொது ஐபி உள்ள ஒரு வெளி சர்வர் மூலமாக வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் (பாதுகாப்பான தனி இணைப்பு) வழியைப் பாருங்கள்.

ரவுட்டரில் 192.168 அல்லது 10 என்று தொடங்கினால் முன்னால் இருக்கும் ஃபைபர் மோடமும் ரவுட்டராக ஓடுகிறதா என்று பாருங்கள். அதை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டு, இணைப்பை அப்படியே கடத்தும் நிலைக்கு) மாற்றினால் பெரும்பாலும் போதும்.

சோதிக்கும்போது வீட்டு வைஃபையை நம்பாதீர்கள், மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். சில ரவுட்டர்கள் உள்ளிருந்து சொந்தப் பொது ஐபிக்குப் போகவே விடாது.