சார்ஜர் அப்புறம், முதலில் கை எட்டட்டும்

பிள்ளைகள் புத்தகம் வைக்கும் பள்ளி லாக்கரில் போன் சார்ஜிங் வசதி, விரல்ரேகைப் பூட்டு எல்லாம் வர வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். என் மகள் படிக்கும் பள்ளியில் போனுக்கே தடை. சார்ஜர் யாருக்கு?

ஏழாம் வகுப்பு அவள். போன மாதம் பையை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 6 கிலோ 200 கிராம். அவள் எடையே 34 கிலோதான். மத்திய அரசின் 2020 பள்ளிப் பை கொள்கைப்படி உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதாவது 3 கிலோ 400.

இத்தனைக்கும் லாக்கர் இருக்கிறது, அதற்குத் தனியாகக் காசும் வாங்குகிறார்கள். மூன்றடுக்கு இரும்பு அலமாரி. இவளுக்குக் கிடைத்தது மேல் தட்டு. எக்கி நின்றாலும் உள்ளே இருப்பது தெரியாது. ரெக்கார்டு நோட்டை மடக்கித்தான் திணிக்க வேண்டும். மழை நாளில் ஈரக் குடையும் சாப்பாட்டுப் பையும் ஒன்றாகக் கிடந்து, சாயங்காலம் திறந்தால் ஊசிப்போன சாம்பார் வாடை. கதவில் நாலு துளை போட எவ்வளவு ஆகிவிடும்? குடைக்கு வெளியே ஒரு கொக்கி, நாப்கின் வைக்க உள்ளே சின்னதாக மூடி போட்ட தட்டு... வடிவமைத்தவர் எந்தப் பெண் பிள்ளையிடமும் கேட்டதாகத் தெரியவில்லை.

அப்புறம் ஒன்று. ஆறு பாடத்துக்கும் தினமும் வீட்டுப்பாடம் கொடுத்தால் எல்லா நோட்டும் வீட்டுக்குத்தானே வரும்? லாக்கரில் மிஞ்சுவது அட்லஸ் மட்டும்தான்.