பிரிட்டன் மருத்துவர்கள் கண்காணிப்புக்கு அஞ்சினார்களா?

“தரக் கண்காணிப்பு என்றாலே பிரிட்டனின் குடும்ப மருத்துவர்கள் ஓடி ஒளிகிறார்கள், ஸ்காட்லாந்தில் அதை ஒழித்தே விட்டார்கள்” என்றொரு செய்தி கைமாறி வருகிறது. பாதி உண்மையை வைத்துக் கட்டிய பொய் இது.

2004 ஏப்ரலில் பிரிட்டன் ஒரு தர மதிப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரத்த அழுத்தம், நீரிழிவு, ஆஸ்துமா போன்றவற்றின் பராமரிப்புக்கும் நிர்வாகம் போன்றவற்றுக்கும் சேர்த்து மொத்தம் 1,050 புள்ளிகள். புள்ளிக்கு ஏற்பப் பணம். சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனாலும் ஏறத்தாழ எல்லா மருத்துவர்களும் சேர்ந்தார்கள். முதல் ஆண்டிலேயே சராசரியாக 90 விழுக்காட்டுக்கு மேல் புள்ளிகள் எடுத்தார்கள். அஞ்சி ஒளிந்தவர்கள் செய்கிற காரியமா இது?

குறை சொன்னார்கள், உண்மைதான். ஆனால் எதைப் பற்றி? மூட்டுவலி என்று ஒருவர் வந்து உட்காருகிறார். கிடைப்பதோ பத்து நிமிடம். புள்ளிகளுக்காகக் கணினித் திரை “புகைபிடிப்பாரா? அழுத்தம் எவ்வளவு?” என்று நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது. அவர் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இந்தக் கவலையைக் கடமை தவறுதல் என்று திரிப்பது பெரும் அநியாயம்.

ஸ்காட்லாந்து 2016-இல் கைவிட்டது புள்ளிக்குப் பணம் தரும் முறையை மட்டுமே. அதன் இடத்தில், அண்டைக் குடும்ப மருத்துவ நிலையங்களின் மருத்துவர்கள் குழுவாகக் கூடித் தங்கள் தரவுகளை ஒருவருக்கொருவர் பரிசீலிக்கும் ஏற்பாடு வந்தது. அதன்பின் பதிவேடுகளில் பராமரிப்புத் தரத்தின் பல அளவீடுகள் சரிந்ததை ஆய்வு காட்டியது. அதையும் மறைக்கக் கூடாது.