அந்தப் பையனைத் திருடன் என்று சொல்லாதீர்கள்

நேற்றிலிருந்து நம்ம ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்று விடாமல் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது. பலகாரம் செய்து விற்கிற ஆச்சி, தன் கணக்கிலிருந்த பணத்தைப் போன் கேமில் விட்ட பேரனை நடுவீட்டில் நிற்க வைத்து அடிக்கிற வீடியோ. எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறீர்கள். அதில் பாதிப் பேர் அந்த ஆச்சியிடம் சீப்புச் சீடையும் மாவுருண்டையும் வாங்கித் தின்றவர்கள். பேரன் முதுகில் விழுகிற அடியைப் பார்த்து "இன்னும் நாலு போடுங்க ஆச்சி" என்று எழுத எப்படிக் கை வந்ததோ தெரியவில்லை. "இந்த வயசிலேயே திருட்டா" என்று கேட்கிறவர் ஓய்வுபெற்ற வாத்தியார் வேறு.

அவன் திருடவில்லை. நாற்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது, வாஸ்தவம்தான். தீபாவளிப் பலகாரத்துக்கு வந்த அட்வான்ஸ் அத்தனையும் போச்சு, வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தப் பணத்தில் அவன் என்ன வாங்கித் தின்றான், என்ன எடுத்து உடுத்தினான்? திருடினவன் கையில் ஏதாவது மிஞ்ச வேண்டாமா? மிஞ்சியது கேமில் வருகிற துப்பாக்கிக்கு ஒரு பளபளப்பும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பொம்மைக்கு ஒரு சட்டையும். பணம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் திருடனைத் தேடலாம்.

"பின் நம்பர் அவனுக்கு எப்படித் தெரியும்?" என்று துப்பறிகிறார்கள் சிலர். ஆச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. மாவு மில்லுக்கும் எண்ணெய்க் கடைக்கும் பணம் அனுப்புவது, வந்த பணம் எந்த ஆர்டருக்கு என்று நோட்டில் ஏற்றுவது எல்லாம் அவன் வேலைதான். நம்ம பக்கத்து ஆட்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பண்ண, போன காலத்தில், வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் என்று மீசை முளைக்காத பிள்ளையைத்தானே பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்? அதை இன்றைக்கும் பெருமையாகப் பேசுகிறோம். இவன் செய்ததும் அதே வேலைதான். அந்தக் காலத்துப் பையன் காதில் "சலுகை முடிய இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று ராப்பகலாக ஓதிக்கொண்டிருக்க ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறவன். ஏழாவது படிக்கிற பையன் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டி ஒரு பேனா கேட்டால், பேனா கொடுக்கும் முன்னே "நீ யார் வீட்டுப் பிள்ளை, வீட்டுல குடுத்து விட்டாங்களா?" என்று கேட்போம். முழி சரியில்லை என்றால் அப்பாவுக்கு ஒரு போன். இதை எங்களுக்கு எந்தச் சட்டமும் சொல்லித் தரவில்லை, கடைவீதியில் உட்கார்ந்திருக்கிற யாரும் செய்வதுதான். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சின்னப் பையன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பணம் கட்டிக்கொண்டே இருக்கிறான், அந்தக் கம்பெனியில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அவன் எத்தனை மணிக்கு விளையாடுகிறான், எங்கே தோற்றுப்போய் நிறுத்துகிறான் என்பது என்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். என் கடைக்கே வந்து "அண்ணே, நூறு ரூவாய்க்கு ரெடீம் கோடு போட்டுக் குடுங்க" என்று கசங்கின பத்தும் இருபதுமாகக் கொட்டுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிப் போனில் அடித்தால் கேமில் செலவழிக்கலாம், அந்த நம்பர்தான் ரெடீம் கோடு. நான் போட்டுத் தருவதில்லை. நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொள்கிறார்கள்.

பொங்கல் லீவில் அக்கா மகன் வந்திருந்தபோது கேமில் பணம் போகிற மாயத்தை எனக்கு விளக்கினான். ஒரு சக்கரம் சுற்றுகிறது. முதல் சுற்றுக்கு 9 வைரம் (கேமுக்குள் செல்லுகிற காசு அதுதான்), அடுத்தது 19, அப்புறம் 39, ஏறிக்கொண்டே போய்க் கடைசிச் சுற்றுக்கு ஐநூறு பக்கம் வருகிறது. நூறு வைரம் அப்போது எண்பது ரூபாய். எண்பது என்று யாருக்கும் ஞாபகம் இருக்கக் கூடாது என்றுதான் அதற்கு வைரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் போல. ஐந்தாறு சுற்று ஆனதும் அவன் சொன்னான், "மாமா, இப்ப நிறுத்துனா போட்டதெல்லாம் வேஸ்ட்டு." பதினொரு வயசுப் பிள்ளை. ரம்மியில் வீட்டுப் பத்திரத்தை விட்ட ஆட்கள் பேசுகிற அதே பேச்சு. கொப்புடையம்மன் திருவிழாவில் வளையம் எறிகிற கடையில் நாமும்தான் தோற்றோம். பையில் இருந்த சில்லறை தீர்ந்தால் சோப்பு டப்பாவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். இங்கே பை தீருவதே இல்லை, வீட்டுக் கணக்கு முழுக்க அதோடு கோத்திருக்கிறது. வாங்காத பிள்ளையை வகுப்பில் "நூப்", அதாவது ஆடத் தெரியாத கத்துக்குட்டி, என்று வேறு கேலி செய்கிறார்கள்.

சரி, "போனைக் கொடுத்தது யார் தப்பு?" இதற்குத்தான் லைக் அதிகம். கொரோனாவிலிருந்து வீட்டுப்பாடம் போனில்தான் வருகிறது. அப்பன் வெளிநாட்டில் இருக்கிறான், முகம் பார்ப்பது போனில்தான். பலகார ஆர்டர் வருவதும் பணம் வருவதும் அதில்தான். ஒரு வீட்டுக்கு ஒரு போன். ஆச்சி அதைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டு எதை வைத்துப் பிழைப்பது? "எங்க வீட்டுப் பிள்ளைகள் இப்படி இல்லை" என்று எழுதியவர்களுக்கு வாழ்த்துகள், வேறென்ன சொல்ல.

எல்லாம் வளர்ப்புதான் என்றால் ஒன்று கேட்கிறேன். அமெரிக்காவிலும் வளர்க்கத் தெரியாத ஆச்சிகள்தான் இருக்கிறார்களா? பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளைகள் வாங்கியதற்காக 2014இல் ஆப்பிள் குறைந்தது 3.25 கோடி டாலர் திருப்பித் தர வேண்டிவந்தது. ஃபோர்ட்நைட் என்ற கேமை நடத்துகிற எபிக் கம்பெனி, பட்டனை வைத்த விதத்திலேயே ஆட்களைத் தெரியாமல் வாங்க வைத்தது என்ற புகாரில் 2022இல் 24.5 கோடி டாலர் திருப்பித் தர ஒத்துக்கொண்டது. கேமில் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கிற பெட்டிகளைச் சூதாட்டம் என்று 2018இலேயே பெல்ஜியம் சொல்லிவிட்டது. எட்டு வயசிலிருந்து பதினாறு வரை மாசம் 200 யுவானுக்கு மேல் செலவழிக்க விடக் கூடாது என்று சீனா 2019இல் வரம்பு போட்டது. அங்கெல்லாம் யாரும் பிள்ளையை நடுவீட்டில் நிற்க வைத்து வீடியோ எடுக்கவில்லை, கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"இங்கேயும் 2025இல் சட்டம் வந்துவிட்டதே அண்ணே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார், நல்ல கேள்வி. அது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கிற சட்டம். இந்தப் பையன் பணமாக எதையும் ஜெயிக்கவில்லையே, கொடுக்க மட்டும்தானே செய்தான், அதனால் இது சூது ஆகாதாம். பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம் புரோநோட்டில் கையெழுத்து வாங்கினால் செல்லாது என்பது வட்டிக்கடை கண்ட நம்ம ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1872 ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் செய்யத் தகுதி இல்லாதவன், அது செல்லவே செல்லாது என்று 1903இல் வெள்ளைக்காரன் காலத்து மேல்கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய்த் தீர்ப்பாகியிருக்கிறது. அதே பிள்ளை போன் கண்ணாடியில் விரலைத் தேய்த்தால் மட்டும் செல்லுமாம்.

கம்பெனிக்கும் வருமானம் வேண்டாமா என்பவர்களுக்கு: வேண்டும். பெரியவர்களிடம் வாங்கிக்கொள்ளட்டும்.

குழுவில் வந்த இந்தப் பேச்சுக்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை, வருத்தம் வேறு ஒன்றுக்கு. என் சித்தப்பா மகன் எழுதியிருக்கிறான், "அண்ணன் கடையிலயும் பிள்ளைகளுக்கு மிட்டாய்தானே விக்கிறாரு, பெரிய நியாயம் பேச வந்துட்டாரு." அதற்குக் கீழே எங்கள் பங்காளிகள் எல்லாரும் வரிசையாகக் கைதட்டல். வருஷா வருஷம் ஜூன் மாசத்தில் இவன் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவன் நான், ஒரு பைசா வாங்கியதில்லை. ஒரு ரூபாய் மிட்டாயைத் தின்றுவிட்டுப் பையன் வீட்டுக்குப் போய்விடுவான். மிட்டாய் ராத்திரி அவன் தலைமாட்டில் வந்து கூப்பிடாது. இதைக்கூடச் சொந்தத் தம்பிக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஆன்லைனில் எழுதிப் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு வாங்கலுக்கும் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறது, எழுபது ரூபாய்க்கும் அதே படிவம், ஏழாயிரத்துக்கும் அதே படிவம். அத்தனையையும் நிரப்பியது அந்தப் பையன்தான். முதுகு இன்னும் வலிக்கிறது போல, சுவரில் சாயாமல் உட்கார்ந்து தட்டினான். இதற்கு நடுவில் குழுவில் ஒரு பெரியவர் அவனை உடனே ஹாஸ்டலில் சேர்க்கச் சொல்லித் தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஃபீஸ் யார் கட்டுவது என்பதையும் அப்படியே எழுதிவிட்டால் ஆச்சிக்கு உபகாரமாக இருக்கும்.