பஃபர் வளரும்போது இடம் மாறும்

முருகன் என்ற பெயரை ஆங்கில எழுத்தில் அடித்தால் 7 பைட். தமிழில் அடித்தால் 21. எழுத்துகளை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். மு-வுக்கு இரண்டு குறி, ரு-வுக்கு இரண்டு, க ஒன்று, ன்-னுக்கு இரண்டு. இந்தக் கணக்கு ஒரு காலத்தில் என் தூக்கத்தை இரண்டு வாரம் கெடுத்தது.

சி மொழியில் எழுதிய புரோகிராம். பெயர், அப்பா பெயர், தெரு, ஊர் என்று ஒரு ஆளின் விவரத்தைக் கோர்த்து அனுப்ப வேண்டும். அதற்காக, தேவைக்கேற்ப வளரும் ஸ்ட்ரிங் பஃபர் (எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் நினைவக இடம்) ஒன்றை நான்தான் எழுதினேன். 128 பைட்டில் தொடங்கும், நிரம்பினால் இரட்டிப்பாகும். மொத்த நீளத்தை எழுத தலையில் 4 பைட் இடம் விட்டு, அந்த இடத்துக்கு ஒரு பாயிண்டரை, அதாவது அதன் முகவரியை, எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லாம் கோர்த்து முடித்ததும் திரும்பி வந்து நிரப்புவேன்.

ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தபோது எல்லாமே 128-க்குள் அடங்கின. தமிழ்ப் பெயர்கள் வந்ததும் பஃபர் வளர்ந்தது. நினைவக இடத்தின் அளவை மாற்றித் தரும் சி-யின் ரீஅல்லாக் அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. என் பாயிண்டரோ காலி செய்த வீட்டையே காட்டிக்கொண்டு நின்றது. நீளத்தை அங்கே எழுதினேன். அந்த இடத்தில் அதற்குள் வேறொன்று குடியேறியிருந்தது. உடனே கிராஷ் ஆகியிருந்தால் அன்றே பிடித்திருப்பேன். ஆனால் ரீஅல்லாக் சில சமயம் இருந்த இடத்திலேயே நீட்டிக் கொடுத்துவிடும், அப்போது எல்லாம் சரியாக ஓடும். அதனால்தான் இரண்டு வாரம்.

வளரும் பஃபர் என்று யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு எவ்வளவு வளர்ப்பது என்பதிலேயே போய் நிற்கிறது. அது முடிந்த கணக்கு. ஒவ்வொரு பைட்டாகச் சேர்த்து 10 லட்சம் பைட் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். வளரும்போதெல்லாம் பழையதைப் புது இடத்துக்குக் காப்பி செய்ய நேர்ந்தால், தடவைக்கு 128 மட்டும் கூட்டும்போது கிட்டத்தட்ட 390 கோடி பைட் காப்பி ஆகும். இரட்டிப்பாக்கினால் பத்தரை லட்சத்தோடு சரி. இரண்டு மடங்கா ஒன்றரை மடங்கா என்ற சண்டையிலும் விஷயம் இருக்கிறது. விட்டுவந்த பழைய இடங்களைச் சேர்த்து மறுபடி பயன்படுத்த முடியுமா என்பதுதான் அது: 128, 256, 512 மூன்றையும் கூட்டினாலும் 896தான், அடுத்து வேண்டிய 1024 அதில் அடங்காது. இரட்டிப்பில், விட்டுவந்த இடங்கள் எப்போதுமே போதாது. ஒன்றரையில் என்றாவது போதும். சி++ மொழியின் வளரும் பட்டியலான வெக்டர், மைக்ரோசாஃப்டில் ஒன்றரை, ஜிசிசி கம்பைலரில் இரண்டு. இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன.

என் அக்கறை வேறு. பஃபரின் முகவரியை யார் வைத்திருப்பது? சால்வடோர் சான்ஃபிலிப்போ எழுதி, பிறகு தன் ரெடிஸ் டேட்டாபேஸில் சேர்த்த எஸ்டிஎஸ் என்ற ஸ்ட்ரிங் நூலகத்தைப் பாருங்கள். நீளமும் கொள்ளளவும் எழுத்துகளுக்குச் சற்று முன்னால் ஒளிந்திருக்கும், கையில் இருப்பது எழுத்துகளின் பாயிண்டர். திரையில் அச்சிடும் பிரிண்ட்எஃப்-க்கு அப்படியே கொடுக்கலாம், அழகான யோசனை. ஆனால் ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் திரும்பி வரும் புதிய பாயிண்டரை மறக்காமல் வாங்கி வைக்க வேண்டும். ஒரு இடத்தில் விட்டால் என் கதைதான். நிரல் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட்-டின் ஸ்ட்ர்பஃப் என்ற பஃபரில் நாம் கொடுப்பது, எழுத்துகளின் பாயிண்டரையும் நீளத்தையும் வைத்திருக்கும் பெட்டியின் முகவரி. உள்ளே இருப்பது இடம் மாறினாலும் பெட்டி மாறாது. எனக்கு இதுதான் பிடிக்கும். அதிலும் உள்ளே இருக்கும் பாயிண்டரை யாராவது எடுத்து வைத்துக்கொண்டால் தடுக்க முடியாது என்பது உண்மை. ஆகவே நான் இப்போது பாயிண்டரை வைப்பதே இல்லை, தொடக்கத்திலிருந்து எத்தனையாவது பைட் என்ற எண்ணை மட்டும் வைக்கிறேன்.

இன்னொன்று. இடம் போதுமா என்று பார்க்க நீளத்தையும் புதிதாக வருவதையும் கூட்டாதீர்கள். கூட்டல் எல்லை தாண்டினால் சுழன்று சின்ன எண்ணாகிவிடும். கொள்ளளவிலிருந்து நீளத்தைக் கழித்து, மிச்சத்தோடு ஒப்பிடுங்கள்.

சோதனைக்கென்று தனி பில்டு வைத்திருக்கிறேன். அதில் பஃபர் 1 பைட்டில் தொடங்கும், தேவையான அளவுக்கு மேல் ஒரு பைட்கூட வளராது. நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரையும் போட்டுவிடுவேன். அதன் ரீஅல்லாக் ஒவ்வொரு முறையும் புது இடத்துக்கே மாற்றும், பழைய இடத்தைத் தொட்டால் அந்த வரியிலேயே நிறுத்தும். இது அன்றைக்கே என்னிடம் இருந்திருந்தால், ஆங்கிலத்தில் அடித்த அந்த 7 பைட் பெயரிலேயே பக் மாட்டியிருக்கும்.