மயக்கம் வராத தலையடி ஆபத்தில்லையா?

“அடிபட்டு மயங்கி விழவில்லை, ஸ்கேனும் நார்மல், இனி மூளைக்குக் கவலையில்லை” என்று பரவும் செய்தி தவறு.

தலையடியால் மூளை அதிர்ச்சி (கன்கஷன்) ஏற்பட்டவர்களில் பெரும்பாலோர் நினைவிழப்பதே இல்லை. சிடி ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமானதைப் பெரும்பாலும் காட்டாது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். ஆனால் தலை சட்டென்று திரும்பும்போது உள்ளே மூளை முறுக்கப்படுவதை அதனால் முழுவதும் தடுக்க முடியாது.

ஆண்டுக்கணக்கில் அடி தொடர்ந்தால், அறிகுறியே தராத சிறு அடிகளும் சேர்ந்து மூளையைச் சிதைக்கும் நோயாக மாறலாம். குத்துச்சண்டை வீரர்களிடம் இதை 1928இலேயே அமெரிக்க நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் பதிவுசெய்தார். இன்று சிடிஇ (நாள்பட்ட மூளைச் சிதைவு) எனப்படும் இந்நோயில், மூளை மடிப்புகளின் அடியில், சிறு ரத்தக்குழாய்களைச் சுற்றி டௌ என்ற புரதம் இயல்புக்கு மாறாகப் படிகிறது. மறதி, எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். இறந்தபின் மூளையை ஆராய்ந்தே நோயை உறுதிசெய்ய முடியும். அடிபட்ட எல்லோருக்கும் இது வரும் என்பதும் பொய்தான்.

விளையாடும்போது தலையில் அடிபட்டால் உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். அன்று மீண்டும் இறங்கவே கூடாது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வும் லேசான நடையும் போதும். பிறகு பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு, மருத்துவர் அனுமதித்த பின்னரே மோதல் உள்ள ஆட்டம். தொடர் வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு இருந்தால் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.